சேறு குடிக்காத பம்ப்

ரதீஸின் தாய்மாமன் அழகரத்தினத்தைப் பற்றி யாரும் என்னிடம் நல்லது சொல்ல வராதீர்கள்.

வெள்ளம் வடிந்தபின் செட்டிபாளையத்தில் சேறு நிறைந்த கிணறுகளை நானும் என் புருஷன் ரதீஸும்தான் இறைத்துக் கொடுத்தோம். அவர் உள்ளே இறங்குவார். மேலே பம்பைப் பார்ப்பது நான். போவது தண்ணீரா சேறா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். தண்ணீரென்றால் சீராக ஓடும். சேறு தடித்துவிட்டால் எஞ்சின் திணறும், குழாயில் ஒன்றும் வராது. அப்போது மேலிருந்து தண்ணீர் விட்டுச் சேற்றைக் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

அன்று கிணற்றின் ஒரு பக்கச் சுவர் சரிந்தது. ரதீஸ் நெஞ்சுவரை புதைந்துபோனார். கயிறு கட்டி ஆட்கள் இழுத்தார்கள். அவர் அலறினாரே தவிர அசையவில்லை. பம்பும் திணறியது.

"தண்ணிய விடு புள்ள!" என்று ரதீஸ் உள்ளிருந்து கத்தினார்.

பக்கத்து வீட்டுக் குழாய்க்கிணற்று மோட்டரைப் போடச்சொல்லி அந்தத் தண்ணீரை உள்ளே விட்டேன். சேறு இளகியது. பம்ப் இழுத்துக் கறுப்பாகக் கொட்டியது. அவருடைய ஒரு கை வெளியே வந்தது. ஆனால் தண்ணீரும் வாய்க்குக் கீழே நாடிவரை ஏறிவிட்டது. நான் தண்ணீரை நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் இளகினால் கயிற்றோடு வந்துவிடுவார்.

"புருசனத் தண்ணிக்குள்ள தாட்டுக் கொல்லப் போறாள்! நிப்பாட்டுங்கடா!" என்று அழகரத்தினம் மாமா ஓடிப்போய் மோட்டரை நிறுத்தினார்.

"போடுங்க மாமா! தண்ணி இல்லாட்டிச் சேறு இறுகிரும்!"

பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பைத்தியம் என்றார்கள்.

பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. இருந்த தண்ணீரை எல்லாம் உறிஞ்சிவிட்டுச் சேற்றை அவருக்கு விட்டுவைத்தது, பாழாய்ப்போன பம்ப். தண்ணீர் இறங்குவதைக் கண்டு எல்லோரும் நிம்மதிப்பட்டார்கள். நான் அவர் வாயைப் பார்த்தேன். மூச்சை விட விட நெஞ்சைச் சுற்றிச் சேறு இறுகியது. திரும்ப இழுக்க இடமில்லை. 'நிருஷா' என்று என்னைக் கூப்பிட வாயெடுத்தார். சத்தம் வரவில்லை.

பெக்கோ இயந்திரம் வந்து மண்ணைத் தோண்டி எடுத்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

செத்தவீட்டில் மாமா வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "நான் மட்டும் அங்க நிக்காட்டி, தண்ணிக்குள்ள மூச்சுத் திணறிச் செத்திருப்பான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்து, மாமாவுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லச் சொன்னாள்.