பிஸ்கட் நலமா?

பிஸ்கட் என்ற பெயரில் நாய் எதுவும் கிடையாது. போர்க்காலத்தில் உளவாளிகளைப் பழக்கிய பயிற்சி மாளிகையின் சமையலறையில் உட்கார்ந்து கொலெட்டும் நானும் உண்டாக்கிய நாய் அது.

கொலெட் லண்டனில் ஒரு தையற்கடையில் வேலை பார்த்தவள். அம்மா பிரெஞ்சுக்காரி. அந்த பிரெஞ்சுப் பேச்சுக்காகவே, ஜெர்மன்காரன் கையில் இருந்த பாரிஸுக்கு ரகசியமாக அனுப்ப எங்கள் ஆட்கள் அவளைப் பிடித்துவந்து, பூட்டுத் திறக்கவும் தண்டவாளத்துக்கு வெடி வைக்கவும் பழக்கினார்கள். ரேடியோ கற்றுக்கொடுத்தது நான். பிடிபட்டால் ஜெர்மன்காரன் அவளையே செய்தி அனுப்ப வைப்பான். அது எங்களுக்குத் தெரிய வேண்டுமே? பத்திரமாக இருக்கும்வரை ஒவ்வொரு செய்தியிலும் பிஸ்கட்டை விசாரிப்பாள். விசாரிக்காவிட்டால் பிடிபட்டுவிட்டாள் என்று அர்த்தம்.

"மறந்துடாதடி," என்றேன்.

"நான் மறக்க மாட்டேன் எனிட். உங்க மேஜருக்கு ஞாபகப்படுத்து."

மேஜர் பென்ரோஸ் அவளுடைய அறிக்கையில் 'அழகி, ஞாபகமறதிக்காரி' என்று எழுதியிருந்தார். ஒருநாள் கையுறையைச் சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டாளாம். மகா குற்றம்!

பாரிஸிலிருந்து பதினொரு செய்திகள் வந்தன. பதினொன்றிலும் பிஸ்கட் இருந்தது. பன்னிரண்டாவது ஒரு காலை பத்து மணிக்கு வந்தது. உதவிக்கு இன்னொரு ஆள் கேட்டிருந்தாள். பிஸ்கட்டைக் காணோம். தாளோடு மேஜரிடம் ஓடினேன்.

"சார், கொலெட்டைப் பிடிச்சிட்டாங்க."

பைப்பைப் பற்றவைத்தார். "மறந்திருப்பாம்மா. பொண்ணுங்கதானே."

"பதினோரு தடவை மறக்கலையே சார்!"

"கையுறையை மறந்தவதானே? பதில் அனுப்பு. 'பிஸ்கட்டை விசாரிக்க மறந்துவிட்டாய். இனி கவனமாக இரு.'"

"ஐயோ, அதை ஜெர்மன்காரன் படிப்பான் சார்!"

"இது உத்தரவு, எனிட்."

அனுப்பினேன். இந்த விரலால்தான் தட்டினேன்.

மறுநாள் பதில் வந்தது. 'மன்னிக்கவும். பிஸ்கட் நலமா?'

மேஜர் அதை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "பாத்தியா? கொஞ்சம் கண்டிச்சா சரியாயிடுவாளுங்க."

அந்த வாரமே ரோசலிண்ட் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணை அனுப்பினார். அவள் பாராசூட்டில் குதித்த வயலிலேயே ஜெர்மன்காரர்கள் காத்திருந்தார்கள். இரண்டு பேருமே திரும்பி வரவில்லை. போர் முடிந்ததும் மேஜருக்குப் பதக்கம் குத்தினார்கள். கொலெட்டின் கோப்பில் 'ஞாபகமறதிக்காரி' அப்படியே இருந்தது.

கொலெட்டோடு சிறையில் இருந்த பிரெஞ்சுக்காரி ஒருத்தி எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். இரண்டு கைகளிலும் நகங்கள் இல்லை.

"பத்து நாள் அடிச்சாங்க. அடையாளச் சொல் எதுவுமே கிடையாதுன்னு சாதிச்சா. அவங்க நம்பிட்டாங்க. செய்தி அனுப்பிட்டு வந்து என் காதுல சொல்லிச் சிரிச்சா, 'எனிட்டுக்குப் புரியும்'னு. மறுநாள் அந்த அதிகாரி லண்டன்லேருந்து வந்த பதிலைக் கொண்டுவந்து அவகிட்ட நீட்டினான். அதுக்கப்புறம் அவ யார்கிட்டயும் பேசலை."

கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்க எனிட்டுங்கிறது யாரும்மா?"