டீ மாமா வாசிப்பறை

சலவை செய்த வெள்ளைப் போர்வையைத் தேடி அலமாரிக்குள் கையை விட்டபோது, விரல்கள் முதலில் அந்தக் கனமான பொட்டலத்தில்தான் பட்டன. அதைத் தள்ளிவிட்டு, பின்னால் இருந்த போர்வையை உருவினாள்.

"கிடைச்சுதாடி?" கூடத்திலிருந்து அம்மா கேட்டாள்.

"எடுத்துட்டேம்மா."

விடிகாலையில் ஆஸ்பத்திரியில் அப்பா போய்ச் சேர்ந்தார். இப்போது கூடத்தில், ஒரு கால் ஆடும் கட்டிலில் கிடந்தார். தம்பி பழைய செய்தித்தாளை மடித்து அந்தக் காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தான். உயிரோடு இருந்திருந்தால் இதற்கும் அப்பா ஏதாவது சொல்லியிருப்பார். அவர் வாய் மூடிக் கிடப்பதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

கல்லூரி வாசலில் முப்பத்தொரு வருஷம் டீக்கடை வைத்திருந்தவர். பிள்ளைகள் முதல் பிரின்சிபால் வரை எல்லோருக்கும் அவர் டீ மாமாதான். பரீட்சை நெருங்கினால் நூலகத்தில் இடம் கிடைக்காதவர்கள் அவருடைய பெஞ்சில் புத்தகத்தை விரித்துவிடுவார்கள். ஒரு டீயை ஒரு மணி நேரம் குடிப்பார்கள். வியாபாரம் கெட்டாலும் எழுப்பிவிட மாட்டார்.

போன வருஷம் நூலகத்துக்குப் புது மாடி கட்டினார்கள். நன்கொடை கொடுத்தால் அறைக்குப் பெயர் வைப்போம் என்று நோட்டீஸ் போட்டார்கள். அப்பா வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், இருந்த ஒரே மனையை விற்று, பன்னிரண்டு பேர் உட்கார்ந்து படிக்கிற அறைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். தம்பி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

"கொடுத்தது கொடுத்தாச்சு. பேரையாவது ஒழுங்கா போடச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

"டீ மாமான்னு போடச் சொல்லிட்டேன். சொந்தப் பேரைப் போட்டா யாருன்னு எவனுக்குத் தெரியும்?"

படுக்கையில் விழுந்த பிறகு அவர் கேட்டது ஒன்றுதான். பெயர்ப்பலகையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அது ஒன்பது நாளுக்கு முன்பே வந்துவிட்டது. அவள் வேலை செய்யும் மருந்துக் கடைக்கு நூலகரே பிரிக்காத பொட்டலமாகக் கொண்டுவந்து கொடுத்து, "அப்பாகிட்ட காட்டிட்டு குடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆசையாகப் பிரித்தாள். பளபளக்கும் பித்தளையில் அழகாக வெட்டியிருந்தது: அமரர் டீ மாமா வாசிப்பறை.

போனில் சொன்னதும் நூலகர் பதறிப்போனார். அந்த மாடியில் மற்ற அறைகளெல்லாம் செத்துப்போன அப்பா, தாத்தா பெயரில் பிள்ளைகள் கொடுத்தவை. ஐந்து பலகைக்கு 'அமரர்' வெட்டிய கை ஆறாவதுக்கும் வெட்டிவிட்டது. "வேற செய்யச் சொல்றேம்மா. பத்து நாள் ஆகும். இத மட்டும் அவர் கண்ணுல காட்டிடாதே" என்றார். அவள் அதை அலமாரியில் போர்வைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்தாள்.

தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போவாள். செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வரும்.

"பாப்பா, பலகை வந்துச்சா?"

"எழுத்து வெட்டறவர்கிட்டயே இருக்குப்பா."

"எட்டெழுத்து வெட்ட இத்தனை நாளா? நானா இருந்தா அதுக்குள்ள எட்டாயிரம் டீ போட்டிருப்பேன்."

கடைசி இரண்டு நாள் அவர் கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மதியம் நூலகர் வந்தார். அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவளை வாசல் பக்கம் கூப்பிட்டார்.

"திங்கட்கிழமை திறப்பு விழா. புதுசு இன்னும் வரலை. தப்பா எடுத்துக்காதேம்மா... இப்ப அந்தப் பழசே..."

"எது பழசு?" பின்னால் அம்மா நின்றிருந்தாள்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? போய் எடுத்துவந்து கொடுத்தாள். அம்மா காகிதத்தைப் பிரித்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இது என்னைக்கு வந்துச்சு?"

"ஒன்பது நாளாச்சும்மா. உயிரோட இருக்கறவர்கிட்ட இத எப்படிம்மா காட்டறது?"

திட்டுவாள் என்று நினைத்தாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"முந்தாநாள் என்கிட்ட சொன்னாருடி. டீ மாமான்னு செவுத்துல போட காலேஜ்காரங்களுக்கு கூச்சமா இருக்கும்போல. பாப்பா பாவம், சொல்ல முடியாம மென்னு முழுங்கறா. இனிமே நான் கேக்கலைன்னாரு. பேரே வேணாம்னு சொல்லிடு, பசங்களுக்கு உக்கார இடம் இருந்தா சரின்னாரு. திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

நூலகர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காட்டியிருக்கலாம்டி. சாவுக்கும் எனக்கு முன்பதிவு பண்ணிட்டாங்க பாருன்னு ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிச் சிரிச்சிருப்பாரு."

அவர் பயந்துவிடுவார் என்றுதான் அவள் மறைத்தாள். அவரோ தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரை மருந்துக் கடையில் பிளாஸ்திரி விற்கிறவள் அவள். அந்த ஒரு சொல்லின் மேல் ஒரு துண்டு ஒட்டிக் காட்டியிருந்தால் போதும். ஒன்பது நாளில் ஒரு நாள்கூட அது தோன்றவில்லை.

அம்மாவின் மடியிலிருந்த பலகையை எடுத்தாள். கட்டிலருகே மண்டியிட்டு, அப்பாவின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். முதல் சொல்லைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள். பித்தளை கனத்தது.

"அக்கா, வண்டி வந்துடுச்சு" என்றான் தம்பி.

"கொஞ்சம் இரு" என்றாள். "படிக்கட்டும்."