கட்டைவிரல் தேன்

ஆடிஸ் அபாபா வரும் வரைக்கும் தேன் டின்னை மடியிலேயே வைத்திருந்தேன். கூரைமேல் கட்டச் சொன்னான் கண்டக்டர். மாட்டேன் என்றேன்.

"உள்ள என்ன, தங்கமா?"

பக்கத்தில் இருந்த அம்மாள் டின் மூடிக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய், "தங்கத்துக்கு இந்த வாசனை ஏதுப்பா? தேன்" என்றாள். பஸ்ஸே சிரித்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாகை மரத்தில் நானே ஏறி, புகை போட்டு, கொட்டு வாங்கி எடுத்த தேன். அந்த வருஷம் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

பஸ் நிலையத்தில் அண்ணன் துகாசா நின்றிருந்தான். பெரிய சந்தையில் மூட்டை தூக்குகிறவன். ஊரைவிட்டு வந்து ரொம்ப வருஷம் ஆகிறது. பட்டணத்து அம்ஹாரிக் பாஷை அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு ஒரோமோவைத் தவிர வேறு பாஷை வராது.

"டேய் ஹுண்டே, இந்தக் கோட்டையா மாட்டிக்கிட்டு வந்தே? முழங்கையில எலி குடித்தனம் பண்ணலாம் போலிருக்கே."

"வேற இல்லண்ணே."

"அடுப்புப் புகை நாறுது. பிள்ளையை எடுக்க வந்தவங்ககிட்ட இருந்து கொஞ்சம் தள்ளியே உக்காரு. அது என்ன டின்?"

"தேன். விரல் வைக்க."

அண்ணன் டின்னைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், வேகமாக நடக்க ஆரம்பித்தான்.

எங்கள் பக்கத்தில் பிள்ளையைக் கொடுப்பதும் எடுப்பதும் புதுசில்லை. எடுக்கிறவர்கள் பெரியவர்கள் முன்னால் கட்டைவிரலைத் தேனில் முக்கிப் பிள்ளையின் வாயில் வைப்பார்கள். 'என் விரலில் பால் குடித்தாய், இனி நீ என் வயிற்றுப் பிள்ளை' என்பார்கள். கொடுத்தவனிடம் திரும்பி, 'இனி நீ என் உடன்பிறப்பு, என் வாசல் உன் வாசல்' என்பார்கள். அதோடு பிள்ளைக்கு இரண்டு வீடு. என் அத்தை மகன் லெலிசா அப்படி வளர்ந்தவன்தான். இரண்டு வீட்டிலும் சாப்பிட்டான், இரண்டு வீட்டிலும் உதை வாங்கினான். அவன் கல்யாணத்தில் யார் முன்னால் நடப்பது என்று இரண்டு அப்பன்களுக்கும் சண்டை.

குலானியை எடுக்க வந்திருக்கிற ஃபெரெஞ்சிகள், அந்த வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும், அந்த விரலை வைத்துவிட்டால் போதும். எந்தக் கடலைத் தாண்டிப் போனாலும் என் மகள் ஒருநாள் என் வாசலில் வந்து நிற்பாள். வைக்காவிட்டால் நான் பிள்ளையைத் தொலைத்தவன். ஊரில் சிலர் ஏற்கெனவே 'வித்தவன்' என்று காதுபடப் பேசினார்கள். கல் உடைக்கிற இடத்தில் ஒருவன் என் சம்மட்டியைப் பார்த்து, "இன்னும் எதுக்குடா இது? பணக்காரனாச்சே நீ" என்றான். ஒரு காசு வாங்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் அம்மா பொன்டு காய்ச்சலில் போனபிறகு பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டே கல் உடைத்தேன். மழை இரண்டு தடவை ஏமாற்றியது. குலானிக்குக் கால் வீங்கிற்று, தலைமுடி சோளக்கதிர் நார் மாதிரி செம்பட்டை ஆயிற்று. அழக்கூட மாட்டாள். சும்மா பார்ப்பாள். அதற்குமேல் தாங்காமல்தான் டவுனில் இருந்த குழந்தைகள் இல்லத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே பிழைத்தாள். ஸ்பெயினிலிருந்து ஒரு குடும்பம் எடுத்துக்கொள்ளும் என்றார்கள். சரி என்றேன். எடுப்பது என்றால் எனக்குத் தெரிந்தது அந்தத் தேன் விரல் ஒன்றுதான்.

போன மாதம் கோர்ட்டில் நீதிபதி அம்மா அம்ஹாரிக்கில் நீளமாக ஏதோ கேட்டார். அண்ணன் என் விலாவில் இடித்து, "ஆமான்னு சொல்லுடா" என்றான். சொன்னேன்.

அண்ணன் கூட்டிக்கொண்டு போன விருந்தினர் விடுதியின் கூடத்தில் கெட்னெட் ஐயா எங்களை உட்கார வைத்தார். தத்து விஷயமெல்லாம் பார்க்கிற ஏஜென்சிக்காரர். கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். பாவம், நல்ல மனுஷன்தான். அன்றைக்கு வேறு இரண்டு குடும்பங்களையும் அவர் பார்க்க வேண்டியிருந்தது.

ஃபெரெஞ்சி வந்தார். இனியாக்கி என்று பேர். தாடி நெஞ்சு வரைக்கும்.

"மடத்துச் சாமியார் தப்பிச்சு வந்த மாதிரி இல்ல?" என்று அண்ணன் என் காதில் சொன்னான். பின்னாலேயே அவர் பெண்டாட்டி நெரேயா. அவள் இடுப்பில் குலானி.

பிள்ளைக்குக் கன்னம் உப்பியிருந்தது. முடி கறுத்திருந்தது. சிவப்புச் செருப்பு போட்டிருந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்தது, அது எனக்கு நன்றாகத் தெரியும். பார்த்தாள், பிறகு அந்தப் பெண்ணின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"குலானி, அப்பாகிட்ட வாம்மா" என்றேன்.

வரவில்லை. நான் நீட்டின கையை மடக்கிக்கொண்டு கோட்டு முழங்கையைத் தடவிப் பார்த்தேன். அண்ணன் சொன்ன ஓட்டை அங்கேதான் இருந்தது.

இனியாக்கி எழுந்துவந்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. நல்லவர்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அது தைரியம் கொடுத்தது. எழுந்து நின்று, ஊரில் பெரியவர்கள் முன்னால் பேசுகிற மாதிரி பேசினேன். பொன்டுவைப் பற்றிச் சொன்னேன். குலானிக்கு இடியென்றால் பயம், இடிக்கும்போது காதைப் பொத்தினால் போதும் என்று சொன்னேன். இனி நாம் ஒரே வீடு, நீங்கள் வரும்போது என்னிடம் மாடு இல்லாவிட்டாலும் கடன் வாங்கியாவது வெட்டுவேன் என்று சொன்னேன். விரலை வைத்து வார்த்தையைச் சொல்லுங்கள் என்று முடித்தேன்.

ஒரு கயிறு நீளத்துக்குப் பேசினேன். அண்ணன் அதை ஒரு முழமாக்கி அம்ஹாரிக்கில் சொன்னான். கெட்னெட் ஐயா அதைச் சாண் ஆக்கி அவர்கள் பாஷையில் சொன்னார். இருவரும் சிரித்துத் தலையாட்டினார்கள்.

"என்னண்ணே சொன்னே?"

"எல்லாத்தையுந்தான் சொன்னேன். உக்காரு."

நான் உட்காரவில்லை. டின்னைத் திறந்தேன். இனியாக்கியின் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலை மட்டும் நிமிர்த்தித் தேனுக்குள் கொண்டுபோனேன். அவர் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"யோவ், என்னய்யா பண்றே? கையை விடு" என்று கெட்னெட் ஐயா எழுந்தேவிட்டார். அண்ணன் என் கோட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். தையல் விட்டுப்போகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சந்தையில் பிடிபட்ட திருடன் மாதிரி நின்றேன்.

நெரேயாவுக்குத்தான் என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். நான் செய்த மாதிரியே கட்டைவிரலைத் தேனில் விட்டு எடுத்தாள். என்ன செய்வது என்று என்னைப் பார்த்தாள். நான் குலானியின் வாயைக் காட்டினேன். அவள் விரலை வைத்தாள். குலானி கண்ணை மூடிக்கொண்டு சப்பினாள்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. இனியாக்கி போட்டோ எடுத்தார். கெட்னெட் ஐயாகூட, "அட, நல்லாத்தான் இருக்கு" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் என் காதோடு சொன்னான்: "முடிஞ்சுதுடா. விரலை வெச்சுட்டா. உனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு. வாயை மூடிக்கிட்டுக் கெளம்பு."

முடிந்துதான் போயிற்று. ஊரில் சத்தியமாகச் சொல்லலாம், விரல் வைத்தார்கள், என் கண்ணால் பார்த்தேன் என்று. மனசு ஒரு நொடி பறந்தது. அப்புறம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்த முகம் அது. விருந்தாளியை அவமானப்படுத்தக் கூடாது என்று இறங்கிவந்த முகம். சத்தியம் செய்தவள் முகம் அப்படி இருக்காது. அவளிடமிருந்து ஒரு வாக்கை, அவளுக்கே தெரியாமல் எடுத்துக்கொண்டுவிட்டேன். தூங்குகிறவன் மடியில் கைவிட்ட மாதிரி.

"அண்ணே, அவங்களுக்குத் தெரியாது. தெரியாம வெச்ச விரல் செல்லாது. இதுக்கு என்ன அர்த்தம்னு முழுசாச் சொல்லு."

"வேணாண்டா."

"சொல்லு."

"சொன்னா என்ன ஆவும் தெரியுமா? அவங்க மாட்டேன்னுதான் சொல்லுவாங்க. அந்த நீதிபதியம்மா என்ன கேட்டாங்க தெரியுமா உனக்கு? இந்தப் பிள்ளைக்கும் உனக்கும் இனிமே ஒரு ஒட்டும் இல்ல உறவும் இல்ல, திரும்பக் கேக்க முடியாது, சம்மதமான்னு கேட்டாங்க. நீ ஆமான்னு சொன்னே."

"நீ சொல்லச் சொன்னே."

"ஆமா, சொல்லச் சொன்னேன்." அண்ணன் குலானி பக்கம் கையைக் காட்டினான். "உள்ளதைச் சொல்லியிருந்தா நீ குடுத்திருப்பியாடா? இன்னொரு மழை ஏமாத்தியிருந்தா அவளையும் பொன்டு பக்கத்துல புதைச்சிருப்போம். எவ்வளவு வேணா என்னைத் திட்டு. அந்தக் கன்னத்தைப் பாரு முதல்ல."

பார்த்தேன். தேன் பிசுபிசுப்போடு பளபளவென்று இருந்தது. உள்ளதைச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேனா? மாட்டேன் என்று கத்த வாயெடுத்தேன். ஆனால் கொடுத்திருப்பேன். அதுதான் உண்மை. அப்போதும் கொடுத்திருப்பேன். அதை அந்த நிமிஷம்தான் நான் தெரிந்துகொண்டேன். அண்ணன்மேல் வந்த கோபமெல்லாம் வழியிலேயே நின்று, வெட்கமாக என்மேலேயே திரும்பி விழுந்தது.

"சொல்லுண்ணே. அப்படியே சொல்லு" என்றேன்.

இந்தத் தடவை அண்ணன் கயிறு நீளத்துக்கே பேசினான். கெட்னெட் ஐயா கேட்டுக்கொண்டே கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். பிறகு அவர்களிடம் ரொம்ப நேரம் பேசினார். இனியாக்கியின் முகத்தில் சிரிப்பு போயிற்று. நெரேயா தன் கட்டைவிரலைப் பார்த்தாள், அது வேறு யாருடைய விரலோ என்பதுபோல. இருவரும் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அவள் ஏதோ கெஞ்சினாள். அவர் தலையை ஆட்டினார். இல்லை என்கிற ஆட்டல் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

கெட்னெட் ஐயா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னதை அண்ணன் எனக்குச் சொன்னான்: "உன்னைப் பத்தி குலானிகிட்ட மறைக்க மாட்டோம்ங்கிறாங்க. போட்டோ அனுப்புவாங்களாம். ஆனா கூட்டிக்கிட்டு வர்றோம், ஒரே வீடு, அப்படியெல்லாம் சத்தியம் பண்ண முடியாதாம். செய்ய முடியுமான்னு தெரியாததுக்கு வாக்குக் குடுத்தா அது உன்னை ஏமாத்துற மாதிரின்னு சொல்றார். அவளுக்கு ஒரு வீடு போதும்ங்கிறார்."

வெளியே யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்து, அது இருமி இருமி நின்றது.

அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. அந்தக் கூடத்தில் தெரிந்துகொண்டு பேசினவர் அவர் ஒருத்தர்தான். ஆனால் விரல் நின்றுகொண்டிருந்தது. நெரேயா அதை மடக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை, மற்ற விரல்களிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவளுக்கு அது பாரம். நான் ஏற்றின பாரம். நான்தான் இறக்க வேண்டும்.

மூலையில், சாப்பாட்டுக்கு முன்னால் விருந்தாளிகளுக்குக் கைகழுவ ஊற்றுகிற செம்பும் தட்டும் இருந்தன. எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் முன்னால் குனிந்து தட்டைப் பிடித்தேன்.

"டேய்" என்றான் அண்ணன்.

"கழுவச் சொல்லு. கழுவிட்டா ஒண்ணும் இல்லன்னு சொல்லு. அவங்க மேல எந்த வாக்கும் இல்ல."

சொன்னார்கள். அவள் புருஷனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையை நீட்டினாள். ஊற்றினேன். தேன் சீக்கிரம் போகிற பொருள் இல்லை. அவள் தேய்க்கத் தேய்க்க நான் ஊற்றினேன். அவள் பாவாடையிலும் தண்ணீர் சிந்திற்று. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் கையையும் தட்டில் விழுகிற தண்ணீரையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் முடித்ததும் இன்னொரு கை உள்ளே வந்தது. சின்னக் கை. சாப்பாடு வரப்போகிறது என்று நினைத்திருப்பாள். இல்லத்தில் அப்படிப் பழக்கியிருப்பார்கள். அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்தே சரிந்து, இரண்டு உள்ளங்கையையும் என் முன்னால் நீட்டிக்கொண்டு, ஊற்று என்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தாள் குலானி.

செம்பில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஊற்றினேன்.