மோட்டார் ரூம் சுவர்

ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் லைன் லீடராக இருந்த வனமாமலைக்கு அழுக்குச் சுவரைக் கண்டால் கை சும்மா இருக்காது. நாங்குநேரிப் பக்கத்துக்காரன். வல்லம் வடகாலுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் ரூம் எடுத்துத் தங்கி, ஞாயிறுதோறும் நாலு பேரைத் தட்டி எழுப்பிச் சுவர் சுவராக வெள்ளையடித்துப் படம் வரைந்தான். சம்பளமில்லாத வேலைக்கு இவ்வளவு சுறுசுறுப்பா என்று ஊர் கேலி பேசியது. பேசிவிட்டு நின்று பார்த்துப் பாராட்டவும் செய்தது. அவனுக்கு அந்தப் பாராட்டு ரொம்பவே பிடித்திருந்தது.

அதுதான் அவனை ஒன்றிய அலுவலகக் கூடத்தின் முன் வரிசையில் கொண்டுவந்து உட்கார வைத்தது. தன்னார்வலர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் சேர்த்து ஒரு நாள் பயிற்சி. ஊரை அழகாக வைத்திருப்பது எப்படி, கிராம சபையை ஒளிவுமறைவில்லாமல் நடத்துவது எப்படி என்று இரண்டு பாடம். ஷெர்லின் என்ற பயிற்சியாளர் நடத்தினார்.

வனமாமலை எடுத்துக் கொடுத்திருந்த படங்களைத் திரையில் போட்டார். மோட்டார் ரூம் சுவரில் தோகை விரித்த மயில். கூடம் கை தட்டியது. "இதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு பாருங்க" என்று அடுத்த படத்தைப் போட்டார். பாசி பிடித்த சுவர். அதில் காவியால் கோணல்மாணலாக எழுத்துகள். 'சுடுகாட்டுப் பாதை பத்தி வியாழக்கிழமை கிராம சபை. காலனி ஜனங்க எல்லாரும் வரணும்.' படத்தின் மூலையில் கேமரா போட்ட தேதி, அந்த வியாழனுக்கு முந்தைய ஞாயிறு.

பின் வரிசையில் ஒரு நாற்காலி இழுபட்டது. அதே ஊர்க் காலனியின் வார்டு உறுப்பினர் கங்கம்மாள் எழுந்து நின்றாள்.

"அது நான் எழுதுனது."

அவர்கள் ஊரில் தண்டோரா பெரிய தெருவோடு திரும்பிவிடும். காலனிக்குச் சேதி போக வேண்டுமென்றால் கங்கம்மாள்தான் தண்ணீர் பிடிக்க எல்லோரும் வருகிற மோட்டார் ரூம் சுவரில் எழுதுவாள். அன்று எழுதி முடித்த கையோடு மகளுக்கு வலி கண்டுவிட்டது. ஆம்புலன்ஸில் செங்கல்பட்டுக்குப் போனவள், பேரப்பிள்ளையோடு திரும்பி வந்தபோது கூட்டம் முடிந்திருந்தது. காலனியிலிருந்து ஒருவரும் போகவில்லை. போனவர்கள் கை தூக்கி, பாதையை ஒரு குடோன்காரனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்கள். காம்பவுண்டும் எழும்பிவிட்டது. இனி காலனிப் பிணம் லாரி ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும்.

"செவுத்துல மயிலு வந்தது கூட்டத்துக்கு அப்புறம்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். "கூட்டத்துக்கு ஏன் போவலன்னு கேட்டதுக்கு கோதண்டம், எங்க வூட்டுக்காரரோட அண்ணன், எங்களுக்குச் சேதியே தெரியாதுன்னு தலைல அடிச்சிகினாரு. நான் நம்பல. சோத்துல உப்பு போட்டுத்தான் துன்றியான்னு நடுத்தெருவுல நிக்க வெச்சிக் கேட்டேன். இன்னா மூஞ்சிய வெச்சிகினு அவரு வாசல மிதிப்பேன்?"

ஷெர்லின் சமாளிக்கப் பார்த்தார். "அவர் எழுத்தைக் கவனிச்சிருக்க மாட்டாரும்மா."

"ஆமாம்மா, அவர சொல்லிக் குத்தமில்ல. வெளியூர்ப் புள்ள. படிச்சிருந்தா செய்வாரா?" கங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்காரப் போனாள்.

வனமாமலைக்கு உடம்பெல்லாம் கூசியது. அவன் படித்திருந்தான். பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, இப்படியா எழுதுவார்கள் என்று சிரிக்கவும் செய்திருந்தான். அது யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் சாயங்காலம் சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். ஆனால் அந்தம்மா தனக்காகப் பரிந்து பேசியதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

எழுந்தான்.

"படிச்சேன்க்கா."

கங்கம்மாளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "இன்னாது?"

"படிச்சிட்டுத்தான் வெள்ளையடிச்சேன்."

"படிச்சிட்டா?"

"எங்களுக்கு இங்க ஓட்டு கெடையாதுல்லா... நமக்குச் சம்பந்தமில்லாத கூட்டம்னு..."

காது மடல் கொதித்தது. அவள் திட்டுவாள் என்று தலை குனிந்து காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை.

"உனக்கு இல்லப்பா" என்றாள். "எங்களுக்குக் கீதே."