புதுத் தலை

என் மைத்துனன் தலையில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி, எறியாத குறையாக என் கையில் திணித்துவிட்டுக் குளியலறைக்கு ஓடினான். உள்ளே அவன் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டபோது எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இன்னொரு தலை வீணாகிவிட்டது.

கண்ணை மறைத்துத் தலையில் கருவி மாட்டிக்கொண்டு ஆடும் மெய்நிகர் விளையாட்டு தயாரிக்கிற எங்கள் அலுவலகத்தில் ‘புதுத் தலை’ என்று ஒரு சொல் உண்டு. இதுவரை அந்தக் கருவியை மாட்டியே பார்க்காத ஆள். மாட்டி மாட்டி எங்களுக்கெல்லாம் பழகிவிட்டது. விளையாட்டுக்குள் மலையுச்சியிலிருந்து தள்ளிவிட்டாலும் எங்களுக்குக் குமட்டாது. அதனாலேயே, நாங்கள் செய்வது மனிதர்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று எங்களுக்குத் தெரியாது. புதுத் தலை வேண்டும். ஒரு தலை ஒரு முறைக்குத்தான் உதவும் என்பதால் சொந்தபந்தத்தையெல்லாம் தீர்த்துவிட்டேன். மாமனார் பறந்துவந்த எதிரியை அறைவதாக நினைத்து அலமாரிக் கண்ணாடியை உடைத்தார். சித்திக்கு மூக்குக்கண்ணாடியோடு கருவி உட்காரவில்லை; மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் எதிரி தெரியவில்லை. அண்ணி முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, “யாரோட வேர்வை இது?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எங்கள் மேலாளருக்குக் குரலை வைத்து சைரன் என்று பெயர். வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, “கழட்டாம அரை மணி நேரம் இருக்கிற ஒரே ஒரு சாதாரண ஆளக் காட்டுங்க. இல்லேன்னா திங்கக்கிழமையோட இந்த விளையாட்டையே மூடிடலாம்” என்றார். மூடினால் எனக்கும் அங்கே வேலை இல்லை. அதை அவர் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

மிச்சமிருந்த ஒரே தலை என் மனைவியுடையது. மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாளெல்லாம் பதில் சொல்கிறவள். நான் கருவியை நீட்டும்போதெல்லாம் ஒரு சாக்கு வைத்திருப்பாள். முடி கலையும், தலை வலிக்கும், அடுப்பில் பால் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கெஞ்சினேன். “பால நான் பாத்துக்கறேன். மணி அடிச்சா நான் போறேன். பாப்பா எழுந்தா நான் தூக்கறேன். போதுமா?”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “அரை மணி நேரமும் நீங்களேவா?”

“நானேதான்.”

“அப்ப கொடுங்க” என்று கூந்தலை அவிழ்த்துவிட்டு மாட்டிக்கொண்டாள்.

அவள் பார்ப்பது என் மடிக்கணினியில் தெரிந்தது. விளையாட்டு தொடங்குமுன் ஒரு சின்ன அறை வரும். ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், வெளியே மழை. எதையாவது காட்ட வேண்டுமே என்று ஒரே மத்தியானத்தில் ஒப்பேற்றியது.

“எதுத்தாப்புல சிவப்புப் பொத்தான் இருக்கா? அழுத்து.”

“இருங்க.”

பால் பொங்கியது. ஓடினேன். வாசல் மணி அடித்தது. யாரோ வீடு மாறி வந்திருந்தார்கள். பாப்பா எழுந்து அழுதாள். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தீய்ந்த பால் வாசனையோடு திரும்பி வந்தால், என் மனைவி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் அதே அறை, அதே மழை.

“அம்மா தாயே, இது வெறும் காத்திருக்கிற ரூம். விளையாட்டு அந்தப் பக்கம் இருக்கு!”

“தெரியுது.”

“அப்புறம் அழுத்தேன்! மூணு வருஷமா உயிரக் கொடுத்து ஒரு ஊரையே கட்டி வச்சிருக்கேன்.”

“ஊர்ல ஆளுங்க இருப்பாங்கல்ல?”

“இருப்பாங்க. சுட வருவாங்க.”

“அப்ப வேணாம்.” ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, “யாராவது என்னக் கூப்பிட்டா நான் இல்லேன்னு சொல்லிடுங்க” என்றாள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு கையாலும் பாப்பாவைப் பிடித்திருந்ததால் அதுவும் முடியவில்லை. கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ சுருக்கென்றது. இந்த வீட்டில் அவளை யாரும் கூப்பிடாத அரை மணி நேரம் கடைசியாக எப்போது இருந்தது என்று யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அரை மணி தாண்டியபோது சைரன் போனில் கூப்பிட்டார்.

“யாராவது கெடச்சாங்களா?”

“ஒருத்தங்க இருக்காங்க சார். இன்னும் கழட்டல.”

“அடேங்கப்பா! எந்தக் கட்டத்துல இருக்காங்க?”

வாயில் ஒரு பொய் தயாராக இருந்தது. “இன்னும் ஆரம்பிக்கவே இல்ல சார்” என்றேன். மறுமுனையில் அவர் கத்தத் தொடங்கினார்.

“ஏங்க,” என்று என் மனைவி எழுந்து நின்றாள். “இந்த ஜன்னல் தெறக்குமா?”

திறக்காது. சுவரில் ஒட்டிய வெறும் படம் அது.

“தெறக்கும். கொஞ்சம் பொறு” என்றேன். போனைக் குப்புற வைத்துவிட்டு, பாப்பாவை மடியில் இருத்திக்கொண்டு, அந்தப் படத்தைத் திறக்கிற ஜன்னலாக மாற்ற மடிக்கணினியைப் பக்கத்தில் இழுத்தேன். பாப்பா “அம்மா, அம்மா” என்று அந்தப் பக்கம் தாவினாள். அம்மாவோ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையை நீட்டி, வெறும் காற்றில் தாழ்ப்பாளைத் தடவித் தேடிக்கொண்டிருந்தாள்.