குழை கட்டிய எல்லை

தேசியத் தொழில்முறை லீக்கின் கடைசி ஆட்டம். வென்றால் முள்ளியவளை அணி முதற்பிரிவில் நீடிக்கும். தவறினால் கீழே இறங்கவேண்டியதுதான். ஒரு கோல் முன்னிலை. இன்னும் சில நிமிடங்களைக் கடத்தினால் போதும்.

"ரஜிதன், பத்தைக்குள்ள அடியடா!" என்று கத்தினான் கோல்காப்பாளன் விதுசன். "போய் எடுக்க ஆருக்கு ரெண்டு உயிர் கிடக்கு?"

பின்களத்தில் நின்ற ரஜிதன் சிரித்தபடி உதைத்தான். பந்து பக்கக் கோட்டைத் தாண்டிப் பற்றைப் புதருக்குள் விழுந்தது. பருவம் முழுவதும் சொந்த மைதானத்தில் அவர்களைக் காப்பாற்றிய வித்தை அது. கண்ணிவெடி அகற்றிய நிலம்தான். ஆனால் கார்த்திகை வெள்ளம் எங்கிருந்தோ மண்ணை வாரிவந்து கொட்டிய பிறகு, அங்கே மேய்ந்த பசுவொன்றின் கால் வெடியில் போனது. அன்றே ஊரார் தடிகளில் பூவரச இலைக்கொத்தாகிய குழை கட்டி வரிசையாக நட்டுவிட்டார்கள். குழை கண்டால் தாண்டக்கூடாது என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

மாற்றுப் பந்துகள் இரண்டும் ஏற்கெனவே அங்கேதான் கிடந்தன.

தெற்கே காலி நகரிலிருந்து வந்த அணியின் நிமேஷ் பொறுமையிழந்தான். ஆட்டுக்குக் கட்டிய தழை என்று நினைத்தானோ என்னவோ, குழைத்தடி ஒன்றைத் தட்டி விழுத்திவிட்டு உள்ளே ஓடினான்.

ரஜிதன் பக்கக் கோடுவரை ஓடிவந்தான். உதைக்கும்போது குழையின் அர்த்தம் தெரியாத ஒருவன் இருப்பான் என்று அவன் நினைக்கவேயில்லை.

"நில்லு! போகாத!" தெரிந்த சிங்களத்திலும் கத்தினான்.

தோற்றுக்கொண்டிருப்பவனுக்கு எதிரணிக்காரனின் கூச்சல் ஏமாற்றாகத்தானே படும்? நிமேஷ் கையை வீசிவிட்டு மேலும் ஓடினான்.

ரஜிதன் நடுவரிடம் பாய்ந்து, விசிலைப் பறித்து மூச்சுமுட்ட ஊதினான்.

விசில் கேட்டால் நிற்பது பந்தாட்டக்காரனின் உடம்பில் ஊறிய பழக்கம். நிமேஷ் தூக்கிய காலோடு நின்றான்.

நடுவர் சிவப்பு அட்டையை உயர்த்தினார். "என்னடா செய்துபோட்டாய்? எல்லாம் போச்சே!" என்று விதுசன் தலையில் அடித்துக்கொண்டான்.

ரஜிதன் அட்டையைப் பார்க்கவில்லை. நிமேஷ் தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சாண் முன்னால், மழை கழுவிய மண்ணில், பச்சை நிற மூடியொன்று எட்டிப் பார்த்தது.



நிமேஷ் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். மிதித்த புல் மறுபடி நிமிர்ந்திருந்தது. எந்த அடி எங்கே என்று தெரியவில்லை. தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒற்றைக்காலில் தள்ளாடினான்.

"ரஜிதன், நீ போகாதையடா!" விதுசன் கத்தினான்.

"அடிச்சது நான்தானே மச்சான்."

விழுந்துகிடந்த குழையைத் தாண்டி, ரஜிதன் நிமேஷை நோக்கி முதல் அடியை வைத்தான்.