மாடத்தில் காய்ந்த விரிப்புகள்

"உன் வீடும் விளக்கு, என் வீடும் விளக்கு. எதிரெதிரா நின்னு பாத்துக்கிட்டே இருக்கலாம், டெல்ஃபீன்."

"பாத்துக்கிட்டே இருந்தா போதுமா?" என்று சிரித்தேன்.

எங்கள் கல்யாணத்துக்கு முதல் நாள் நார்சிஸ் சொன்னது அது. சிரித்திருக்கவே கூடாது.

செயின்ட் கிளேர் ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில், கப்பலுக்கு வழிகாட்டும் கோபுர விளக்குகள் இரண்டு. தீவுக் கரையில் நிற்கும் பின்விளக்கு அப்பாவுக்குப் பிறகு என் பொறுப்பு. தண்ணீருக்குள் நிற்கும் முன்விளக்கு அவனுடையது. கப்பல்காரர்களுக்கு இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிய வேண்டும். விலகித் தெரிந்தால் கப்பல் சேற்றில் ஏறிவிடும். அதனால் இருட்டியதும் அவன் அங்கே, நான் இங்கே. பனிக்கட்டி உடைந்து ஆறு திறந்ததிலிருந்து மறுபடி உறையும்வரை இதுதான் எங்கள் குடித்தனம். மதியம் படகில் வருவான். மீன் சூப் குடித்துவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவான். நான் கேட்க நினைத்ததைக் கேட்காமலே கிண்ணத்தைக் கழுவி வைப்பேன்.

அவன் தம்பி பசீல் வாத்து சுட்டுக்கொண்டு சும்மாதான் திரிந்தான். "முன்விளக்க ஒரு ராத்திரி நான் பாத்துக்கறேனே, அண்ணி" என்பான், என்னிடம் மட்டும். அண்ணனிடம் சொல்லப் பயம்.

அந்த வாரம் முழுக்க மழை. படுக்கை விரிப்புகளில் பூஞ்சை வாடை. வானம் வெளுத்ததும், காற்று நன்றாக அடிக்கிறதே என்று, எல்லாவற்றையும் அலசி விளக்கு மாடத்துக் கம்பியில் தொங்கவிட்டேன்.

சற்று நேரத்தில் கப்பல் சங்கு விடாமல் அலறியது. பகலில் அவர்களுக்கு முன்னால் வெள்ளைக் கோபுரம், பின்னால் சிவப்புக் கோபுரம்தான் வழி. என் கோபுரத்தின் சிவப்பு, வெள்ளை விரிப்புகளுக்குள் மறைந்து பின்னாலிருந்த மேகத்தோடு கலந்துவிட்டது. மரம் ஏற்றி வந்த கப்பல் நாணலில் மூக்கைச் சொருகி நின்றது.

சாயங்காலம் நார்சிஸ் வந்தான். கப்பலை மீட்கப் போனதில் இடுப்புவரை சேறு.

"அறிவிருக்கா? பின்விளக்குல யாராவது துணி காயப்போடுவாங்களா?"

"கப்பல் கிளம்பிடுச்சா?"

"கிளம்பிடுச்சு. என் மானந்தான் போச்சு. இனிமே ஆத்துல என்னை 'போர்வைக்காரி புருஷன்'னுதான் கூப்பிடுவானுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு விரிப்பைச் சுருட்டி அவன்மேல் எறிந்தேன்.

"மோந்து பாரு. அலசியும் போகல. ஆளே படுக்காத பக்கம் வேற எப்படி இருக்கும்?"

"பொழுது சாயுது. நான் போகணும்." படகுக் கயிற்றை அவிழ்க்கப் போனான்.

நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "பசீல் போகட்டும்."

"அவனுக்குத் திரி வெட்டக்கூடத் தெரியாது."

"நான் சொல்லிக்குடுத்தாச்சு. வேற என்ன சாக்கு?"

அவன் முன்விளக்கைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னிக்கு ராத்திரி வீட்டுல இரு, நார்சிஸ்."